ஈரச் சுவரில் ஆணி: மாரடைப்புக்குப் பின் இதயத்தில் விழும் ஓட்டையைக் குழாய் வழியாக அடைப்பது எப்படி?

"அண்ணா, எங்க அப்பாவுக்குப் பொறந்ததுல இருந்தே ஓட்டை இருந்துச்சா? இத்தனை நாள் தெரியாமலே இருந்திருக்கமா?"

கேத் லேப், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதய வேலை பார்க்கும் அறை, அதன் வாசலில் ஒரு பையன் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. பாலக்கோடு பக்கத்துக்காரன். என் பேச்சில் காவேரிப்பட்டணம் தெரிந்ததும், வேறு யாரிடமும் கேட்காததை எல்லாம் என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டான். நான் டாக்டர் இல்லை, கேத் லேப் டெக்னீஷியன். ஈயக் கோட்டைப் போட்டுக்கொண்டு வயரையும் குழாயையும் எடுத்துக் கொடுப்பவன், திரையில் அழுத்தத்தைப் படிப்பவன். அன்றைக்கு அவனிடம் "பொறவில வந்தது இல்லப்பா, இப்ப வந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். நிதானமாக உட்கார்ந்து பேச நேரம் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் அப்பாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். தக்காளி விவசாயி. சனிக்கிழமை சாயங்காலம் கிரேட் தூக்கி வண்டியில் ஏற்றும்போது நெஞ்சில் ஒரு அழுத்தம். வாயு என்று நினைத்து சோடா குடித்தார். ராத்திரி வேர்த்துக் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்திருந்தார். திங்கள் காலை ஈசிஜி எடுத்தபோது மாரடைப்பு வந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. புதன்கிழமை வரை பெட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவருக்கு வியாழன் விடிகாலையில் திடீரென்று மூச்சு முட்டியது. கைகால் சில்லிட்டது. எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைக் காட்டும் ஸ்கேன், எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே இருக்கிற சுவரில் 12 மில்லிமீட்டருக்கு ஒரு ஓட்டை.

அந்தச் சுவர் எப்படிப்பட்டது

இதயத்தில் நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழறைகள்தான் உழைப்பாளிகள். இடது கீழறை உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிறது. வலது கீழறை பக்கத்திலேயே இருக்கிற நுரையீரலுக்கு மட்டும் தள்ளுகிறது. அதனால் இடது பக்கத்தில் அழுத்தம் 120 என்றால் வலது பக்கத்தில் 25 இருக்கும், அவ்வளவுதான். நடுவில் நிற்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரே ஒரு சுவர். செங்கல் சுவர் போல சும்மா நிற்கிற சுவர் இல்லை, அதுவும் சதை. ஒவ்வொரு துடிப்பிலும் சுருங்கி விரிகிறது. சதை என்பதால் அதற்கும் ரத்தம் வேண்டும். முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு இடது முன் ரத்தக்குழாயின் கிளைகளிலிருந்தும், பின்பக்கத்துக்குப் பெரும்பாலும் வலது ரத்தக்குழாயின் கிளையிலிருந்தும் ரத்தம் வருகிறது.

மாரடைப்பு என்றால் இந்தக் குழாய்களில் ஒன்று அடைபட்டுவிட்டது என்று பொருள். சீக்கிரம் திறந்துவிட்டால் சதை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். திறக்காமல் மணிக்கணக்கில் விட்டால் அந்தப் பகுதி செத்துவிடும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு நடப்பதுதான் பலருக்குத் தெரியாது.

செத்த சதையை உடம்பு அப்படியே விட்டு வைக்காது. வெள்ளை அணுக்கள் வந்து அதைக் கரைத்து அப்புறப்படுத்த ஆரம்பிக்கும். அந்த இடத்தில் தழும்புச் சதை வளர்ந்து கெட்டியாக வாரக்கணக்கில் ஆகும். பழையது கரைந்து போய், புதியது இன்னும் கெட்டிப்படாமல் இருக்கிற அந்த இடைப்பட்ட நாட்களில் சுவர் ஊறிப்போன மண்சுவர் மாதிரி இருக்கும். மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள் வரை ஆபத்து அதிகம். சிலருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே கிழிந்துவிடுவதும் உண்டு. இரண்டு வாரம் வரைக்கும் பயம்தான்.

கிழிசல் பெரும்பாலும் உயிருள்ள சதையும் செத்த சதையும் சேருகிற எல்லையில்தான் விழும். ஒரு பக்கம் துடித்து இழுக்கிறது, மறுபக்கம் அசையாமல் கிடக்கிறது. நைந்த வேட்டியில் புதுத் துணி ஒட்டுப் போட்டால் தையல் ஓரத்தில் கிழியுமே, அதே மாதிரி.

பிறவி ஓட்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். குழந்தை பிறக்கும்போதே இருக்கிற ஓட்டையின் விளிம்பு நல்ல சதை. ஊரில் இருக்கிற பழைய கிணற்றின் வாய் போல, கட்டி முடித்து உறுதியாக நிற்பது. மாரடைப்புக்குப் பின் வருவது நேற்றுப் பெய்த மழையில் சரிந்த மண் குழி. அதன் விளிம்பு இன்னும் சரிந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு 12 மில்லிமீட்டர் என்றால் நாளை மறுநாள் 16 ஆகலாம். ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்பது பெரிய சிக்கலே இல்லை. அடைப்பது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதுதான் சிக்கல். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்க வேண்டுமென்றால் அது இந்த விளிம்புதான்.

நல்லவேளையாக இது அடிக்கடி வருவதில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வருவதற்கு முன்பு மாரடைப்பு வந்த 100 பேரில் ஒருவர் இருவருக்கு வந்தது. ஊசி வந்த பிறகு 41,021 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய ஒரு பெரிய ஆய்வில் 84 பேருக்குத்தான் வந்தது. அதாவது ஆயிரம் பேரில் இரண்டு பேர். ஆனால் வந்தவர்களில், அடைக்காமல் மருந்தோடு மட்டும் விட்டவர்கள் பிழைப்பது மிக அரிது.

உள்ளே என்ன ஆகிறது

பென்னாகரம், பஞ்சப்பள்ளிப் பக்கம் மேட்டு வயலும் பள்ள வயலுமாக அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வரப்பில் நண்டு வளை விழுந்தால் மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கிவிடும். மேலே பயிர் காயும், கீழே பயிர் அழுகும். இங்கேயும் அதுதான். இடது பக்கத்து உயர்ந்த அழுத்தத்திலிருந்து வலது பக்கத்துக்கு ரத்தம் பாய்ந்துவிடுகிறது. உடம்புக்குப் போக வேண்டியது போகாததால் ரத்த அழுத்தம் விழும், சிறுநீர் குறையும், கைகால் குளிர்ந்துபோகும். நுரையீரலுக்கோ தேவைக்கு மேல் இரண்டு மூன்று மடங்கு ரத்தம் போகும். அதனால் மூச்சு முட்டும். மாரடைப்பில் ஏற்கெனவே பாதி வலு இழந்த இதயம் ஒரே ரத்தத்தை மறுபடி மறுபடி நுரையீரலுக்கே சுற்ற அனுப்பிக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, சந்தேகம் வந்தால் போதும். நேற்று வரை கேட்காத ஒரு கரகரப்புச் சத்தம் இன்று ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும். பல பேருக்கு நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாலே பூனை உறுமுவது போல அதிர்வு தெரியும். வண்ண எக்கோவில் ஓட்டையின் வழியே ரத்தம் பீய்ச்சுவதையே பார்க்கலாம். கேத் லேப்பில் எங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வலது மேலறையில் ஒரு சிரிஞ்ச் ரத்தம், நுரையீரலுக்குப் போகும் குழாயில் ஒரு சிரிஞ்ச் ரத்தம் எடுத்து ஆக்சிஜன் பார்ப்போம். வழியில் ஓட்டை இல்லையென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவதில் 60, இரண்டாவதில் 80 என்று வந்தால் நடுவில் எங்கோ இடது பக்கத்து நல்ல ரத்தம் கலக்கிறது என்று அர்த்தம். அந்த இரண்டு சிரிஞ்சையும் கையில் பிடித்தால் நிறத்திலேயே வித்தியாசம் தெரியும். ஒன்று நாவல்பழச் சிவப்பு, இன்னொன்று மாதுளைச் சிவப்பு.

மாரடைப்புக்குப் பின் இதயத்தில் கிழிவது இந்த நடுச்சுவர் மட்டுமில்லை. வெளிச்சுவர் கிழியலாம், வால்வைப் பிடித்திருக்கும் சதை அறுந்து போகலாம். அவை வேறு கதைகள். வெளிச்சுவர் கிழிந்தால் பெரும்பாலும் எதுவும் செய்ய நேரமே இருக்காது.

முதலில் மட்டத்தைக் குறைக்க வேண்டும்

2017 நவம்பர் கடைசியில் கிருஷ்ணகிரி அணையின் ஷட்டர் ஒன்று உடைந்தது நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். 52 அடி அணை, அப்போது ஏறக்குறைய நிரம்பியிருந்தது. உடைந்த இடத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு போனது. அந்த வேகத்தில் யாரும் கிட்டே போய் எதையும் பொருத்த முடியாது. தண்ணீரை வெளியேற்றி மட்டத்தைக் குறைத்த பிறகுதான் பழுது பார்க்க முடிந்தது.

இதயத்திலும் முதல் வேலை அதுதான். இடது பக்கத்து அழுத்தத்தைக் குறைத்து, ரத்தம் ஓட்டை வழியாகப் போவதை விட முன்னால் உடம்புக்குப் போவதை எளிதாக்க வேண்டும். மருந்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பலூன் பம்ப். தொடை வழியாக ஒரு நீளமான பலூனை மகாதமனியில், அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் பெரிய குழாயில், வைப்பார்கள். இதயம் ஓய்வெடுக்கும்போது பலூன் உப்பும். இதயம் சுருங்குவதற்குச் சற்று முன்னால் சட்டென்று சுருங்கி வழிவிடும். முன்னால் தடை குறைவதால் ரத்தம் அந்தப் பக்கம் போகும், ஓட்டை வழியாகப் போவது குறையும். பறக்கும் பலூனில் அடைக்கிற அதே ஹீலியம் வாயுதான் இதிலும். பம்ப் பக்கத்தில் நின்றால் டக்-டக் என்று துடிப்போடு சேர்ந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பையன் அதைத்தான் அப்பாவின் இதயத் துடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதிலும் சமாளிக்க முடியாதவர்களுக்கு, இதயம், நுரையீரல் வேலையை உடம்புக்கு வெளியே வைத்துச் செய்யும் எக்மோ போன்ற பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன.

பலூன் பம்ப் வைத்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று குடும்பத்தினர் நினைக்கிறார்கள். நீங்கவில்லை. நேரம் வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போதா, பிறகா?

ஓட்டையை அடைப்பதில் பழைய வழி, இன்றும் முதலில் யோசிக்கிற வழி, ஆபரேஷன். 1956இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் டென்டன் கூலி என்ற சர்ஜன் முதன்முதலாக இதைச் செய்தார். அந்த நோயாளி மாரடைப்பு வந்து பல வாரம் தாக்குப்பிடித்தவர், அதாவது விளிம்பு கெட்டிப்பட்டவர். நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, ஓட்டையின் மேல் ஒட்டுப் போட்டுத் தைப்பார்கள். தைப்பதற்கு ஊசி ஏற வேண்டிய இடம் அந்த ஊறிய மண்சுவர். ஈரச் சுவரில் ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆணி இறங்கும், நிற்காது.

சரி, அப்படியென்றால் மூன்று வாரம் காத்திருந்து தழும்பு கெட்டியான பிறகு தைத்தால் என்ன? அமெரிக்க இதய சர்ஜன்களின் பதிவேட்டில் இருந்த 2,876 பேரின் கணக்கு 2012இல் வந்தது. மாரடைப்பு வந்து ஏழு நாளுக்குள் ஆபரேஷன் செய்தவர்களில் 54 சதவீதம் பேர் இறந்தார்கள். ஏழு நாளுக்குப் பிறகு செய்தவர்களில் 18 சதவீதம். பார்த்தவுடன் காத்திருப்பதே நல்லது என்று தோன்றும்.

அங்கேதான் ஏமாறக் கூடாது. நம் ஊர் மாந்தோப்புக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சித்திரையில் அடிக்கிற காற்றில் பாதிக் காய் உதிர்ந்துவிடுகிறது. மண்டிக்கு வந்து சேர்ந்த காயை மட்டும் பார்த்து, இந்த வருஷம் காய் எல்லாம் நன்றாக நின்றது என்று சொன்னால் சரியா? ஏழு நாள் தாண்டி ஆபரேஷன் டேபிளுக்கு வந்தவர்கள், அதுவரை பிழைத்திருந்தவர்கள். காத்திருக்கும்போதே இறந்தவர்கள் அந்த 18 சதவீதக் கணக்கில் வருவதில்லை. ஆகவே டாக்டர் "பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொன்னாலும், "இன்றைக்கே செய்தாக வேண்டும்" என்று சொன்னாலும், இரண்டுமே அந்த நோயாளியின் அன்றைய நிலையைப் பார்த்துச் சொல்வதுதான். ரத்த அழுத்தம் நிற்கிறதா, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பதுதான் தேதியைக் குறிக்கிறது. நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறார்களே என்று உறவினர்கள் சண்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இந்த நோயில் நேற்றுச் சரியாக இருந்தது இன்று சரியில்லாமல் போவது சகஜம்.

இந்த இடைவெளியில் நுழைந்ததுதான் குழாய் வழிச் சிகிச்சை. ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்களுக்கு, ஆபரேஷன் செய்தும் ஓரத்தில் கசிகிறவர்களுக்கு, காத்திருந்து விளிம்பு ஓரளவு கெட்டிப்பட்டவர்களுக்கு. 1988இல் பாஸ்டனில் ஜேம்ஸ் லாக்கும் அவருடன் இருந்தவர்களும் குழந்தைகளின் வேறொரு இதயக் குறைக்காகச் செய்திருந்த இரட்டைக் குடையை இந்த மாதிரி ஓட்டைகளில் வைத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்து வந்ததுதான் இன்றைய கருவி.

உடுக்கை

அந்தக் கருவியை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது: கோயிலில் அடிக்கிற உடுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அகன்ற வட்டம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. உடுக்கை அளவு நீளமில்லை, தட்டையானது. இடுப்பு ஓட்டைக்குள் உட்காரும்; ஒரு தட்டு இடது அறைப் பக்கமும் இன்னொரு தட்டு வலது அறைப் பக்கமும் சுவரைக் கவ்விப் பிடிக்கும். மாரடைப்பு ஓட்டைக்கென்றே செய்த வகையில் இடுப்பு 10 மில்லிமீட்டர் நீளம், சுவரின் தடிமன் அளவுக்கு. அகலம் 24 மில்லிமீட்டர் வரைதான் வருகிறது.

நைட்டினால் என்ற கம்பியில் பின்னியது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததால் அதன் பெயரின் முதல் எழுத்துகளும் இந்தப் பெயருக்குள் ஒட்டிக்கொண்டன. இதன் குணம், இழுத்து நூலாக்கிக் குழாய்க்குள் அடைத்தாலும் வெளியே வந்ததும் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். பெட்டியிலிருந்து எடுத்து உப்புநீரில் முக்கி, குழாய்க்குள் இழுக்கும்போது உடுக்கை கண்ணெதிரே குச்சியாகிவிடும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை. உள்ளே துணி தைத்திருக்கும். ரத்தம் அதில் உறைந்து இடைவெளிகளை அடைக்கும்.

பாலக்கோட்டுப் பெரியவருக்கு ஓட்டை 12 தானே, 12க்கு ஒன்று எடுத்தால் போதாதா? போதாது. டாக்டர் 24 எடுக்கச் சொன்னார். விளிம்பு இன்னும் கரையும் என்பதால் எப்போதும் கணிசமாகப் பெரியதைத்தான் எடுப்பார்கள். இதே காரணத்தால் 15 மில்லிமீட்டருக்கு மேல் போன ஓட்டைக்கு இந்த வழி பெரும்பாலும் ஒத்து வராது. ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முன்பக்க மாரடைப்பில் சுவரின் கீழ் நுனிப் பக்கம் ஒரே துளையாக விழும். அடைக்க ஓரளவு வசதி. பின்பக்க மாரடைப்பில் வால்வுக்கு அருகே, எறும்புப் புற்று மாதிரி வளைந்து நெளிந்த பாதையாக விழும். அது ஆபரேஷனுக்கும் கஷ்டம், குழாய்க்கும் கஷ்டம்.

உள்ளே நடப்பது

பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். தொண்டை வழியாக ஒரு எக்கோ குழாய் இறங்கும். இதயத்துக்குப் பின்னாலிருந்து படம் காட்ட. மேலே எக்ஸ்ரே. தொடையில் தமனியில் ஒரு ஷீத், கழுத்தில் சிரையில் ஒரு ஷீத். ஷீத் என்றால் வாசற்படி மாதிரி. அதன் வழியே மற்ற எல்லாம் போய்வரும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின்.

இனி பாவாடை நாடா கோர்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாடாவை நேரடியாகத் தள்ளினால் போகாது. ஊக்கில் மாட்டி, ஊக்கை ஒரு முனையில் நுழைத்து மறுமுனையில் பிடித்து இழுக்க வேண்டும். இங்கே ஊக்கு ஒரு மெல்லிய வயர். தொடைத் தமனி வழியாக இடது கீழறைக்குள் கத்தீட்டர் என்கிற ஒரு வளைந்த மெல்லிய குழாய் போகும். அதன் நுனியால் சுவரைத் தடவித் தடவி ஓட்டையைத் தேட வேண்டும். கிடைத்ததும் வயர் அதன் வழியே வலது அறைக்குள் நழுவி, அங்கிருந்து நுரையீரல் குழாய்க்குள் போய் நிற்கும். இப்போது கழுத்து வழியாக ஒரு சுருக்கு இறங்கும். சின்னத் தங்க நிறக் கண்ணி. அதை விரித்து வயரின் நுனியைச் சிக்கவைத்து, மெதுவாகக் கழுத்து வழியே வெளியே இழுப்பார்கள். ஆக, தொடையில் நுழைந்த வயர் இதயத்தின் ஓட்டையைக் கடந்து கழுத்தில் வெளியே வருகிறது. ஒரே வயரின் இரண்டு முனையும் நம் கையில்.

அந்த நேரத்தில் லேபில் யாரும் பேச மாட்டார்கள். வயரைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் அது நடுவில் விறைத்து நிற்கும். வேகவைத்த முட்டையை நூலால் அறுப்பார்களே, அது மாதிரி நைந்த சதையை வயர் அறுத்துவிடும். என் வேலையே வயரில் ஒரு தொய்வு இருக்கும்படி முனையைப் பிடித்துக்கொள்வதுதான். கேட்கச் சுலபமாக இருக்கும். ஈயக் கோட்டுக்குள் முதுகு நனைந்துவிடும்.

பிறகு அந்த வயரின் மேலேயே கழுத்திலிருந்து நீளமான ஷீத்தை ஏற்றுவார்கள். குறுக்களவு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வலது மேலறை, வலது கீழறை, ஓட்டை, இடது கீழறை என்று அது போய்ச் சேரும். குச்சியாகக் கிடக்கும் உடுக்கையை அதற்குள் தள்ளுவார்கள். இடது அறைக்குள் முதல் தட்டு மலரும். அதை அப்படியே பின்னால் இழுத்துச் சுவரில் ஒட்டவைப்பார்கள். தட்டு படிந்ததும் இடுப்பு விரியும், அப்புறம் வலது பக்கத் தட்டு. இதுவரைக்கும் கருவி ஒரு கேபிளின் நுனியில் திருகு மரையில்தான் மாட்டியிருக்கிறது. இடம் சரியில்லையென்றால் மறுபடி ஷீத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம். எக்கோவில் எல்லாப் பக்கமும் பார்த்து, வால்வில் இடிக்கவில்லை, அசையவில்லை என்று உறுதியான பிறகு கேபிளை எதிர்ப்பக்கம் சுற்றிக் கழற்றுவார்கள். கழற்றிய பிறகு திரும்ப எடுப்பது தனிப் பாடு.

பெரியவருக்கு முதல்முறை வைத்ததில் தட்டின் ஒரு ஓரம் சதைக்குள் புதைந்து மலரவில்லை. இழுத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

எவ்வளவு பேர் பிழைக்கிறார்கள்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிரிட்டனில் 11 மருத்துவமனைகளில் 1997 முதல் 2012 வரை இப்படிச் செய்த 53 பேரின் விவரம் 2014இல் வெளியானது. 89 சதவீதம் பேருக்குக் கருவியை வைக்க முடிந்தது. ஆனால் வைத்தவுடனே கசிவு முழுதாக நின்றது 23 சதவீதம் பேருக்குத்தான். 62 சதவீதம் பேருக்குக் குறைந்தது. மீதிப் பேருக்குக் குறையவே இல்லை. உயிரோடு வீட்டுக்குப் போனவர்கள் 58 சதவீதம். அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் அதன் பிறகும் நன்றாகவே இருந்தார்கள்.

58 சதவீதம் என்றால் குறைவு என்று தோன்றும். சும்மா விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வைத்துப் பாருங்கள். அதே சமயம், "ஆபரேஷன் வேண்டாம், தொடையில் துளை போட்டுக் குழாய் வழியாக அடைத்துவிடலாமே, சின்ன வேலைதானே" என்று கேட்பவர்களுக்கும் அந்த எண்ணை நினைவுபடுத்துவேன். கத்தி படாதது சின்ன வேலை என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இது சின்ன வேலை இல்லை.

கருவி நழுவிப் போகலாம். விளிம்பு மேலும் கரைந்து ஓரத்தில் புதிதாகக் கசியலாம். அப்போது இரண்டாவது கருவியோ ஆபரேஷனோ தேவைப்படும். கம்பி வலையின் இடுக்கு வழியே ரத்தம் வேகமாகப் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். ஐசியூவில் சிறுநீர்ப் பையின் நிறத்தை நர்ஸ் அடிக்கடி குனிந்து பார்ப்பது அதனாலும்தான். துடிப்பு தாறுமாறாகலாம்.

நம் ஊரிலிருந்து பார்த்தால்

இந்த வேலை எல்லா ஊரிலும் நடக்காது. எக்கோ பார்ப்பவர், மயக்க டாக்டர், தேவைப்பட்டால் உடனே நெஞ்சைத் திறக்க ஒரு சர்ஜன், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். தருமபுரியில் 2008இலும் கிருஷ்ணகிரியில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன என்றாலும், பெரிய இதய வேலை என்றால் நம் பக்கத்துக்காரர்கள் இன்னும் மூன்று திசையில்தான் போகிறார்கள். தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம், அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு, இல்லையென்றால் கிழக்கே வேலூர். எந்தத் திசையானாலும் ஓட்டை விழுந்த பிறகு போகிற பயணம் கொடுமையானது.

அந்த ஓட்டையே விழாமல் இருக்க வழி, அடைபட்ட குழாயை முதல் சில மணி நேரத்துக்குள் திறப்பது. நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வேர்வை வந்தால் சோடா உடைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிற பெரியவர்களும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். அதிக ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வயதானவர்கள், முதல்முறை மாரடைப்பு வருபவர்கள் ஆகியோரிடம்தான் இந்தச் சுவர் கிழிவது அதிகம்.

பாலக்கோட்டுப் பெரியவர் பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனார். கொஞ்சம் கசிவு மிச்சம் இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பையன் போன் செய்தான்.

"அண்ணா, உள்ள வெச்சது துரு பிடிக்குமா?"

பிடிக்காது என்றேன். கம்பியின் மேல் டைட்டானியம் ஆக்சைடு ஒரு மெல்லிய தோலாகப் படிந்து காக்கும். போதாததற்குச் சில மாதங்களில் இதயத்தின் உள்தோல் அதன் மேலேயே வளர்ந்து மூடிவிடும். அதுவரை ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

"அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒண்ணு ஆடுது. புடுங்கிரலாமா?"

இப்போது வேண்டாம், முதலில் இதய டாக்டரிடம் கேள் என்றேன். பல் பிடுங்கும்போது வாயில் இருக்கிற கிருமி ரத்தத்தில் ஏறும். கருவி வைத்த முதல் ஆறு மாதத்திலும், கசிவு மிச்சம் இருந்தால் அதற்குப் பிறகும், அது கருவியில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் பல் பிடுங்குவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். எந்த டாக்டரிடம் போனாலும், ஸ்கேன் எடுக்கப் போனாலும், கருவியின் பெயரும் அளவும் போட்டு ஒரு கார்டு கொடுத்தோமே, அதைக் காட்டு என்று சொன்னேன்.

கார்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளே யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சொன்னான்: ரேஷன் கார்டுக்குள் சொருகி, சாமி படத்துக்குப் பின்னால்.

"சரி, அங்கயே இருக்கட்டும். ஆனா போட்டோ எடுத்து உன் போன்ல வெச்சுக்கோ" என்றேன்.